குளுமையான கட்டம்

விடியற்காலை நாலரை மணி. பேகம்பூர் தாண்டிய ரோடு. ஒரு நாய்கூடக் கிடையாது...

நம் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாரே இனிகோ, அவருடைய சித்தி ரூபிக்கு நடந்தது இது. கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடலாம். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது.

ரூபி டி.வி.எஸ். ஃபிப்டியை விரட்டிக்கொண்டு போனாள். பின்னால் மகள் நான்சி. பத்து வயது. அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தாள். மூச்சு இழுத்தது. ஈ... ஈ... என்று, துருப்பிடித்த கீல் மாதிரி.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்டி."

"வேணாம்மா... ஹாலுக்குப் போ..."

அவள் யோகா சொல்லிக்கொடுக்கிற அந்த ஹாலுக்குள் இனிமேல் காலே வைக்கக் கூடாது என்றுதான் ரூபி முந்தின நாள் அதைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

அவள் யோகா படித்ததே இந்தப் பிள்ளையின் இழுப்புக்காகத்தான். படித்ததைத் தொழிலாக்கினாள். மூடிக் கிடந்த தோல் ஷாப் ஒன்றில் ஓட்டுக் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. தோல் பதனிட்ட வாடை போகும்வரை கழுவினாள். சுவருக்கு இளம்பச்சை அடித்தாள். ஜன்னலுக்கு வெள்ளைத் துணி. மூலையில் மண்சட்டி, தண்ணீரில் நந்தியாவட்டைப் பூ. புல்லாங்குழல் கேசட். எல்லாம் முடித்து வெறுங்காலோடு நடந்து பார்த்தபோதுதான் தரையில் ஒன்று தெரிந்தது. கட்டம் கட்டமாகக் குளுமை. ஒவ்வொன்றும் ஆள் படுக்கிற நீளம். இடையில் இருந்த தரையெல்லாம் சுட்டது. திண்டுக்கல் வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? குளிர்ந்த கட்டம் ஒவ்வொன்றின் மேலும் பார்த்துப் பார்த்து ஒரு கோரைப்பாயை விரித்தாள்.

அதுதான் அவள் செய்த தப்பு.

"வீட்ல படுத்தா மாமியாவுக்குப் பொறுக்காது. அதான் பீஸு கட்டிப் படுக்க வாரேன்," என்றாள் முதல் நாள் வகுப்புக்கு வந்த ஜெய்தூன் பீவி. எல்லோரும் சிரித்தார்கள். நான்சியும் ஒரு பாயில் படுத்தாள். இழுப்பு நின்றது. பிறந்ததிலிருந்து கேட்காத ஒரு மூச்சு, சீராக, சத்தமில்லாமல்... ரூபி சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில் கடைசியாகச் சவாசனம். எல்லோரும் மல்லாந்து கிடந்தார்கள். ரூபியும் கண்ணை மூடிக்கொண்டு, "கால் விரலத் தளர்த்துங்க... கெண்டைக்காலத் தளர்த்துங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

எங்கேயோ ஒரு சத்தம். தளக்... தளக்... கனமான ஈரத்துணியைத் தொட்டிக்குள் புரட்டுகிற மாதிரி. கூடவே நீற்றின சுண்ணாம்பு வாடை.

கண்ணைத் திறந்தாள்.

அத்தனை பேரும் குப்புறக் கிடந்தார்கள்.

யாருக்கும் புரண்ட நினைவே இல்லை. "அல்லாவே, தூக்கத்துல உருண்டுட்டேன் போலருக்கு!" என்று ஜெய்தூன் சிரித்தாள். அவள் முழங்கையில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது.

மறுநாளும் அப்படியே. ரூபி நேராகக் கொட்டகையின் சொந்தக்காரர் நைனா முகமதுவிடம் போனாள்.

"பாய், அந்தத் தரைக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

"தொட்டிம்மா. சுண்ணாம்புத் தண்ணியில ஆட்டுத்தோல ஊறப்போடுறது. மண்ணக் கொட்டி மூடி, மேல சிமிண்டு பூசியாச்சு. பயப்படாதீக."

"தோலப் புரட்டுவாங்களா?"

"புரட்டாம? ஒரு ஆளு கம்ப வச்சுப் புரட்டிக்கிட்டே கெடப்பான். ரெண்டு பக்கமும் ஊறணும்ல."

"எதுக்கு ஊறணும்?"

"முடி கழலத்தான்," என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார்.

அன்றைக்கே பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு ஹாலைப் பூட்டினாள். அன்று ராத்திரியே நான்சிக்கு இழுப்பு வந்தது. மருந்தை உறிஞ்சியும் கேட்கவில்லை.

இப்போது ஹால் வாசலில் வண்டியை நிறுத்தும்போது பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. செத்த நேரம்தான்... மூச்சு வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று ரூபி நினைத்தாள். உள்ளே கொண்டுபோய், கட்டங்களை விட்டு விலகி, சுவரோரமாக வெறும் தரையில்தான் படுக்க வைத்தாள். மூச்சு வரவில்லை. நான்சியே தவழ்ந்து போனாள். ரூபி பிடிப்பதற்குள் குளிர்ந்த கட்டத்தில் மல்லாந்துவிட்டாள். சடை ஒரு பக்கமாக நீண்டு கிடந்தது.

இழுப்பு நின்றது.

"அம்மா... குளுகுளுன்னு இருக்கு..."

தூக்கத்தான் ரூபி குனிந்தாள். பிள்ளையின் கையையும் பிடித்தாள். அதற்குள் அவளுடைய கால் விரல் தளர்ந்தது. கெண்டைக்கால் தளர்ந்தது. முழங்கால், இடுப்பு, தோள்... வகுப்பில் அவள் சொல்லுகிற அதே வரிசையில். சரிந்து தரையில் விழுந்தாள். நாக்கும் தளர்ந்தது. கண்ணை மட்டும் மூட முடியவில்லை.

தளக்... தளக்...

நான்சியின் தோளுக்கு அடியில் எதையோ கொடுத்து நெம்பின மாதிரி ஒரு பக்கம் உயர்ந்தது. கை ரூபியின் பிடியிலிருந்து நழுவிப் போனது. பிள்ளை நிதானமாகக் குப்புறப் புரண்டாள். மூச்சு சீராகத்தான் வந்துகொண்டிருந்தது.

சடை மட்டும் புரளவில்லை. சிவப்பு ரிப்பனோடு, கிடந்த இடத்திலேயே கிடந்தது.