உள்ளூர் ஜோடிக்கு ஓர் இடம்

ஒற்றையர் ஆட்டம் எனக்கு என்றுமே பிடித்ததில்லை சார். தனியாக ஓட வேண்டும், தனியாகத் தோற்க வேண்டும், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. இரட்டையர் ஆட்டம் குடும்பம் மாதிரி. ஒருவர் ஓடுவார், இன்னொருவர் பெயர் வாங்குவார். எங்கள் ஜோடியில் ரிஷப் ஓடுவான்.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அவன்மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. போளூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம், வக்கீல், நல்ல பையன். விளக்கு வைப்பதற்குள் அவன் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் எங்கள் ஆட்டங்கள் வெயில் தாழும்போதே முடிந்துவிடும். தோற்றுக்கொண்டிருக்கும் நாட்களில் அது மிகவும் வசதி. ஆரணியில் எங்கள் கிளப்பில் டென்னிஸ் ஆடுகிற ஜோடிகள் மூன்றுதான். ஒரு ஜோடிக்கு மூச்சு வாங்கும். இன்னொரு ஜோடி தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. ஆகவே பல வருஷமாக நாங்கள்தான் சாம்பியன்கள். பட்டுக்கடை தனசேகரன் என்றால் கடை இருக்கும் தெருவில் தெரியும். டென்னிஸ் தனசேகரன் என்றால் செய்யார் வரைக்கும் தெரியும்.

ரிஷப்புக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தது நான். இரண்டு பேருக்கும் நடுவில் வருகிற பந்துதான் ஜோடிகளைப் பிரிக்கும். அதற்காக நாங்கள் ஒரு வார்த்தை வைத்திருந்தோம். 'உடு.' ஒருவன் 'உடு' என்றால் அடுத்தவன் அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும். யோசிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. நீ விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். ரிஷப் அதில் கெட்டிக்காரன். தூக்கத்தில் சொன்னாலும் கையை எடுத்துவிடுவான்.

இரண்டாயிரத்து இரண்டில் எங்கள் கிளப் தலைவர் கந்தசாமிக்கு ஆரணியை உலக வரைபடத்தில் ஏற்றும் ஆசை வந்தது. அரிசி ஆலைக்காரர், அதுவரை மூட்டையை மட்டுமே லாரியில் ஏற்றியவர். பட்டு வியாபாரிகள் பரிசுப் பணம் கொடுத்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களில் கடைசிப் படியில் நிற்பவர்கள் வந்து ஆடும் போட்டி ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. 'ஆரணி பட்டு ஓபன்' என்று பெயர் வைத்தோம். உஸ்பெகிஸ்தானிலிருந்தெல்லாம் ஆட வந்தார்கள். வந்தவர்களுக்குப் பட்டு வேட்டி கட்டி ஊர்வலமாக அழைத்துப் போனோம். ஒருவருக்கு அது பஸ் ஸ்டாண்டு அருகே அவிழ்ந்துவிட்டது. அதற்கும் கைதட்டினோம்.

ஆண்கள் இரட்டையர் பிரிவில் உள்ளூர் ஜோடி ஒன்றுக்கு ஓர் இடம் உண்டு. வைல்டு கார்டு என்பார்கள். தகுதி இல்லாதவர்களுக்குக் கௌரவத்துக்காகத் தருவது. நம் ஊரில் அதற்குத் தனியாகப் பெயர் தேவைப்பட்டதில்லை, எல்லா இடமும் அப்படித்தான் தரப்படுகிறது.

அந்த இடம் எங்களுடையது. அழைப்பிதழில் என் படம் மட்டையோடு வந்தது. வேலூர், காஞ்சிபுரம் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நேரில் போய் வைத்தோம். என் மனைவி திலகவதி, "கல்யாணத்துக்கே இப்படி அலையல நீங்க" என்றாள். உண்மைதான். கல்யாணத்தில் என் படம் போடவில்லை.

போட்டிக்கு முந்தின வாரம் ரிஷப் கடைக்கு வந்தான்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"இந்த வாட்டி நம்ம ஜெயக்குமார் கூட ஆடலாம்னு பாக்கறேன். ஸ்டேட்டுக்கு ஆடனவன்ணா. ரெண்டு மூணு கேமாவது எடுக்கலாம். உங்களுக்கும் முட்டி வலிக்குதுன்னு சொல்லிகினு இருந்தீங்க."

ஜெயக்குமார் கோயம்புத்தூர்ப் பையன். செய்யார்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். கிளப்பில் சேர்ந்து, புதுப் புடவையின் மடிப்பு கலையும் நேரம்கூட ஆகியிருக்காது.

"ஆமாம்பா, வலிக்குதுதான். தாராளமா ஆடுங்க" என்றேன். காபி வரவழைத்துக் கொடுத்தேன். அவன் கண் கலங்கிவிட்டது. "நீங்க பேஜார் பண்ணுவீங்கன்னு ராவெல்லாம் தூங்கலண்ணா" என்றான். பாருங்கள், அவ்வளவு பிரியம். ஆனால் தாலி கட்டும் முன் மாப்பிள்ளையை மாற்றிவிட்டு மாப்பிள்ளைக்கே முட்டிவலி என்று சொல்வது எந்த ஊர் நியாயம் சார்? சொந்தக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

போட்டிக் குழுச் செயலாளர் என்ற முறையில் விதிகளை நான்தான் படித்திருந்தேன். முதல் ஆட்டம் தொடங்கும்வரை உள்ளூர் ஜோடியில் ஓர் ஆளை மாற்றலாம். போதுமான காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பேனர். துணிக்கடைப் பேனர் மாதிரி கட்டக் கூடாது, பட்டிலேயே நெய்ய வேண்டும் என்றார் கந்தசாமி. "பேப்பர்ல ஒட்டறதுக்கு இது இன்னா எலெக்‌ஷனா?" என்று கேட்டார். ஜரிகையில் அவர் முகத்தையும் நெய்யச் சொன்னார். கண்கள் மட்டும் சரியாக வராமல் தூங்குகிறவர் மாதிரி அமைந்துவிட்டது. கிளப் கூட்டங்களில் அவரைப் பார்த்தவர்கள் தத்ரூபம் என்றார்கள்.

டென்னிஸ் கோர்ட்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் ஆலையின் தண்ணீர்த் தொட்டி ஊரெல்லாம் தெரியும் உயரம். பேனரை அதில் கட்டலாம் என்றது நான். முட்டி வலிக்கிறவன் ஏன் அவ்வளவு உயரம் ஏறினாய் என்கிறீர்கள். நல்ல கேள்வி. உங்கள் ஸ்டேஷனிலிருந்து அன்று விசாரிக்க வந்தவர் அதைக் கேட்கவில்லை. அவருக்கு முதல் வரிசை பாஸ் கொடுத்திருந்தோம்.

நானும் ரிஷப்பும் மேலே ஏறினோம். ஜெயக்குமார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கம்பித் தடுப்புக்கு வெளியே ஒரு வளையம் இருந்தது, அதில்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். ரிஷப் தடுப்பைத் தாண்டி வெளி விளிம்பில் நின்றான். ஒரு கை கம்பியில், ஒரு கையில் பேனர்க் கயிறு. அவன் இடுப்பு பெல்ட்டை நான் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்போது காற்று வந்தது. நல்ல பட்டு சார், காற்றை வாங்கி வயிறு மாதிரி உப்பியது. கயிறு இழுக்க, ஒற்றைக் கையால் அவனால் சமாளிக்க முடியவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்து இரண்டு கையாலும் கயிற்றைப் பிடிக்கலாமா என்று யோசிக்கிறான். முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

"உடு" என்றேன்.

விட்டான். யோசிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நான் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தேன்.

பேனரை விட்டுவிடச் சொன்னேன், அவன் கேட்கவில்லை என்று வாக்குமூலம் கொடுத்தேன். கீழே நின்ற ஜெயக்குமாரும் 'உடு' என்று சத்தம் கேட்டதாகச் சொன்னான். எழுதிக்கொண்டு போனார்கள்.

தகனம் முடிந்த மறுநாள் ரிஷப்பின் அம்மா ரத்னாவதி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தனசேகரு, கொழந்த ஆசப்பட்ட போட்டிப்பா. அவன் எடத்த காலியா போடாத. நீ ஆடு" என்றார். பெரியவர்கள் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. கையில் கறுப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு ஆடினேன். கோப்பைக்கு ரிஷப் பெயரை வைக்க வேண்டும் என்று முன்மொழிந்ததும் நான்தான். தலைவருக்கு மனமில்லை, தன் பெயரை ஏற்கெனவே அதில் பொறித்திருந்தார்.

ஆட்டம் நீண்ட நேரம் நடக்கவில்லை. முதல் செட்டில் ஒரு கேமும் எடுக்கவில்லை. நடுவே வந்த பந்துக்குப் பழக்கதோஷத்தில் 'உடு' என்றேன். ஜெயக்குமார் முழு வேகத்தில் வீசி என் மட்டையோடு மோதினான். பக்கம் மாறும்போது தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டான்.

"ஏனுங்ணா, உடுன்னா ஓங்கி அடின்னுதானுங்களே அர்த்தம்?"

"அது உங்க ஊர்ல. நம்ம கிளப்புல உடுன்னா, நீ கைய எடுத்துடு, நான் புடிச்சிகினு இருக்கேன்னு அர்த்தம்."

"ரிஷப்புக்கும் அப்படித்தானுங்களா?"

"அவனுக்குக் கத்துக் குடுத்ததே நான்தானப்பா."

பெருமையில் வாய் நீண்டுவிட்டது. அதன்பிறகு அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்கு நேராக வந்த பந்துகளைக்கூட விட்டான். ஜோடியாக ஆடும் ஒழுக்கம் அவனுக்கு வராது என்று அப்போதே நினைத்தேன். ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றாமல் நேராக உங்களிடம் வந்திருக்கிறான். வியர்வையோடு.

ஆமாம் சார், நான்தான் கையை எடுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். ஊர் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். நீங்கள் இரண்டாவது செட்டைப் பார்த்திருக்க வேண்டும். அந்த உஸ்பெக்காரன் தலைக்கு மேலிருந்து ஓங்கி அடித்தான். நான் முகத்தை மறைக்க மட்டையைத் தூக்கினேன். பந்து அதில் பட்டு, வலையின் மேல் விளிம்பில் உட்கார்ந்து யோசித்து, அவர்கள் பக்கம் விழுந்தது. ஒரு பாயிண்ட். காஞ்சிபுரத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கந்தசாமி விழித்துக்கொண்டார். ஊரே கைதட்டியது. ரிஷப் மட்டும் அன்று இருந்து அதைப் பார்த்திருந்தால், அண்ணன் செய்தது சரிதான் என்று அவனே உங்களிடம் சாட்சி சொல்லியிருப்பான்.