பைக் ஹாலோவில் வருகை நாற்பத்தொன்று

அக்டோபர் 17, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். இந்த அரங்கில் அறுபத்து மூன்று பேர். லவீனியா ஸ்டக்கி அம்மையார் இருந்திருந்தால் குறிப்பேட்டில் முதலில் இதைத்தான் எழுதியிருப்பார். மேடையிலுள்ள தலைவர் ராண்டால் அவர்களே, மூன்று மாநில ஆணையர்களே, பெல்டன் கீழ்த்தெருக்காரர்களே, வணக்கம்.

எனக்கு அழகாகப் பேச வராது. நான் நீரளவுப் பொறியாளன்.

இருபத்தாறு ஆண்டுகள் நம் நதி ஆணையத்தின் செயலர்! என்ன செய்தார்? நம் கை எதுவரை நீளும் என்று நமக்கே காட்டினார். நாம் போடும் விதி மூன்று மாநிலத்துக்கும் சட்டம். ஆனால் ஒப்பந்தப் பட்டியலிலுள்ள பதினொரு ஊரிலும் அதை வாசித்து, ஆட்சேபம் கேட்டு, செயலர் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால்? வெறும் காகிதம்!

பதினோராவது ஊர் பைக் ஹாலோ. அறுபது ஆண்டுகளாக நம் அணை நீருக்கடியில் கிடக்கிறது. அதைப் பட்டியலிலிருந்து நீக்க மூன்று சட்டமன்றங்களும் சம்மதிக்க வேண்டும், இதுவரை நடக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு விதிக்கும் அம்மையார் படகெடுத்துப் போனார். அந்த அணை ஏரியின் நடுவில் நின்று வாசித்தார். ஒரு மணி நேரம் காத்திருந்தார். நாம் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஜூனில் வேறொரு விதிக்காகப் படகோட்ட நானே போனேன். நண்பகல். காற்றே இல்லை.

"யாரு மேடம் வந்திருக்காங்க? மீனுங்களா?"

"மீனுக்குக்கூட மரியாதை தெரியும், தம்பி. வாசிக்கறப்ப குறுக்க பேசாது."

வாசிக்கத் தொடங்கினார். நீருக்கடியில் இருப்பதை ஒலியால் அறிந்து காட்டும் படகின் ஆழமானித் திரையில் நிமிர்ந்த கோடுகள் எழுந்தன. ஒவ்வொன்றாக வந்து படகுக்குக் கீழே நின்றன. மீன்கள் அப்படி அசையாமல் நிற்குமா? எண்ணினேன். கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. வாசித்து முடித்ததும் கலைந்தன. அம்மையார் திரையைப் பார்க்கவே இல்லை. குறிப்பேட்டில் எழுதினார்: வருகை நாற்பத்தொன்று.

"எப்படித் தெரியும் மேடம்?"

"அணை கட்டறப்ப தோண்டி எடுக்காம விட்ட கல்லறை எத்தனைன்னு நெனச்ச? போ, மோட்டாரப் போடு."

இப்போது வந்திருக்கும் விதி, நீர்மட்டத்தை நான்கு அடி உயர்த்துவது. கணக்குப் போட்டவன் நான். கீழ்த்தெருவும் அதன் கல்லறைத் தோட்டமும் மூழ்கும். பத்து ஊர் முடிந்தது. பைக் ஹாலோ பாக்கி. போன திங்களன்று அம்மையார் மேசையிலேயே சாய்ந்தார். அவர் கேட்டிருந்தபடி சாம்பலை நேற்று அந்த ஏரியில்தான் கரைத்தோம்.

பொறுப்புச் செயலர் இப்போது நான். கரையேறியதும் தலைவர் சொன்னார்: "செத்த ஊருக்கு எதுக்குப்பா விசாரணை? போனதா கையெழுத்து போட்டுடு. ஓட்டெடுத்துடலாம்."

தலைவரே, சபையில் சொல்கிறேன். போகாமல் கையெழுத்திட எனக்கு அதிகாரமில்லை. போடச் சொல்ல உங்களுக்கும் இல்லை!

அம்மையாரே, உங்கள் வேலையில் நான் செய்யப்போவது:

1. செவ்வாய் நண்பகல், படகில் பைக் ஹாலோ.
2. விதியை ஒரு வரி விடாமல் வாசிப்பேன்.
3. ஒரு மணி நேரம் காத்திருப்பேன். ஆழமானியை அணைக்க மாட்டேன்.
4. எந்த ஆட்சேபம் எழுந்தாலும் பதிவேன். அதற்கு எழுத்தில் பதில் தராமல் ஓட்டெடுக்க ஆணையத்துக்கு உரிமையில்லை.
5. வருகையை எண்ணுவேன். நாற்பத்திரண்டு என்றால், நாற்பத்திரண்டு என்றே எழுதுவேன்.