தனிக்கட்டைக்கு அபராதம்

– அபராதமா? நான் அப்படி என்ன திருடினேன் எசேக்கியா அண்ணே?

– திருடியிருந்தாக்கூடப் பரவாயில்ல ரால்ஃபு. இந்த வீட்டுல ஒத்தை ஆளா இருக்கியே, அதுக்கு. வாரம் இருபது ஷில்லிங்.

– தனியா இருக்கறது ஒரு குத்தமா?

– இந்தக் கனெக்டிகட் குடியேத்தத்துல குத்தம். பெண்டாட்டி இருக்கணும், இல்ல வேலைக்காரன் இருக்கணும், இல்ல என்னை மாதிரி ஊர்க்காவல் உத்தியோகமாச்சும் இருக்கணும். ஒண்ணுமில்லாத தனிக்கட்டை ஏதாவது ஒரு குடும்பத்துல போய் அடங்கணும். சட்டம் சட்டந்தான்ப்பா.

– அட போங்கண்ணே. நான் முன்ன இருந்த வர்ஜினியாவுல ஆறு ஆம்பிளைக்கு ஒரு பொண்ணு. இந்தச் சட்டம் அங்க இருந்திருந்தா கவர்னரு தங்கத்துலயே கூரை வேய்ஞ்சிருப்பாரு.

– அதெல்லாம் ஒரு ஊரா? தெருவுல கூடப் புகையிலை நட்டுட்டு, சோத்துக்குச் செவ்விந்தியங்ககிட்டக் கையேந்தின கூட்டம்.

– நீங்க மட்டும் என்னவாம்? மக்காச்சோளம் நடச் சொல்லிக் குடுத்தவன் நிலத்தையே பிடுங்கிட்டு, அந்தச் சோளத்தை வெச்சே நன்றி ஜெபம் பண்றீங்க.

– வாய் நீளுது. பக்கத்துல ரோட் தீவுக்குப் போயேன், அங்க நீ எந்தச் சபைன்னுகூட யாரும் கேக்க மாட்டாங்க.

– போய்ப் பாத்தாச்சு. மூணு பேர் இருந்தா நாலு சபை. ஆளாளுக்கு என்னை ஆத்துல முக்கி ஞானஸ்நானம் குடுத்தாங்க. தலை காயவே இல்ல.

– அப்ப இங்கயே ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டிக்கோ. நம்ம ஊர்ல ஜனங்க சாகறதே இல்ல. கொள்ளுத்தாத்தா வரைக்கும் ஒரே அடுப்பைச் சுத்தி உக்காந்திருக்கான்.

– எனக்கும் ஒருத்தி இருந்தாண்ணே. வர்ஜினியாவுல ஒரே கோடையில காய்ச்சல் அவளையும் ரெண்டு பிள்ளைங்களையும் வாரிட்டுப் போச்சு. இன்னொருத்தன் வீட்டுல, அவன் பிள்ளைங்க சத்தத்தைக் கேட்டுக்கிட்டு என்னால உக்கார முடியாது. அவ்வளவுதான்.

– கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்கப்பா. உனக்கு ஒரு வீடும் சொல்லியாச்சு.

– யார் வீடு?

– என் வீடுதான்.

– உங்க வீட்டுல எத்தனை பேரு?

– பதினாலு. ஒரே அறை. மாமியாரோட அம்மாவுக்குத் தொண்ணூத்தொண்ணு வயசு. இன்னிக்கும் நடுவுல நிறுத்தி என் ஜெபத்தைத் திருத்துறா.

– உக்காருங்கண்ணே. இந்தாங்க, ஆப்பிள் மது.

– இங்க என்ன இவ்வளவு அமைதியா இருக்கு? விறகு வெடிக்கறது கூடக் கேக்குது.

– தினமும் இப்படித்தான்.

– ரால்ஃபு, ஊர் உத்தியோகத்துல இருக்கறவன் ஒருத்தன் இங்க தங்கினா, இது தனிக்கட்டை வீடு ஆகாதில்ல?

– ஆகாதுதான். ஆனா பெண்டாட்டியை விட்டுட்டு இருக்கறவனுக்கும் அபராதம் உண்டுன்னு போன வாரம் ஊரெல்லாம் தமுக்கடிச்சது நீங்கதானே?

– நான்தான். கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம்?