தகர வேலியில் நின்றவர்கள்

இரவு பதினோரு மணி. குன்றிலிருந்து ஊருக்கு இறங்கும் சாலை... விளக்கில்லை, வீடில்லை. அதில் ஒற்றை ஆளாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார் பெயிண்டர். நம் ஊர் எலக்ட்ரீஷியனின் சித்தப்பாதான். சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சொல்கிறேன்.

குன்றை வெட்டி வீடு கட்ட ஒரு கம்பெனி வந்து, சுற்றிலும் தகர வேலி அடித்திருந்தது. குன்றில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களுக்கோ அந்தக் குன்றுதான் கோயில். கெஞ்சினார்கள், மறித்தார்கள், எடுபடவில்லை. கடைசியில் வேலி முழுக்க வெள்ளைக் களிமண்ணால் தங்கள் முன்னோர்களை வரைந்து நிறுத்திவிட்டார்கள். ஆளுயரம். கைகோத்தபடி... ஒருவருக்கும் பாதம் கிடையாது. அதைப் பார்த்ததும் மண்வெட்டும் வண்டிக்காரர்கள் சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

மேனேஜர் பெயிண்டரைக் கூப்பிட்டார். "அழிச்சா கூட்டம் கூடிரும். காலில்லாம பேய் மாதிரி நிக்குதுங்க. கால் போட்டு, ஷூ மாட்டி, சிரிக்க வெச்சுடுங்க. வீடு வாங்க வந்த குடும்பம்னு நெனைச்சுக்கட்டும்."

"செத்தவங்களுக்கே வீடு விக்கிறீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்தார் பெயிண்டர்.

களிமண் காய்ந்த கையோடு ஒரு பெண் அருகே வந்து நின்றாள். "அண்ணே, இவங்க காவலுக்கு நிக்கறவங்க. நகரக் கூடாதுன்னுதான் கால் போடல."

"நான் கூலிக்காரன்மா. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"ஓரத்துல இருக்கற கொழந்தையையாவது விட்டுடுங்கண்ணே."

அதை மட்டும் விட்டுவிட்டார். அவள் முகத்தைப் பார்த்து மறுக்க மனம் வரவில்லை. மற்ற எல்லாருக்கும் ஷூ மாட்டி முடிக்க இரவாகிவிட்டது.

சாலையில் பாதி தூரம் வந்திருப்பார். பின்னால்... டக்... டக்... புது ஷூ.

நின்றார். நின்றது.

நடந்தார். இப்போது ஒரு வரிசையே வந்தது. காற்றில் பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் நெடி. அதற்கடியில் ஈரக் களிமண் வாசம். கடவுளைக் கூப்பிட வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஷூக்கள் அவரைச் சுற்றி வளைத்து நின்றன. கழுத்தில் ஒரு கை பட்டது... ஈரமான கை. மெல்ல இறுகியது. மூச்சு வரவில்லை.

அப்போது இடுப்பில் ஏதோ ஏறியது. சின்னது. சில்லென்றிருந்தது. ஏறிய வேகத்தில் வழுக்கியது. அந்தப் பயத்திலும் பெயிண்டர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, விழப்போகிற பிள்ளையைத் தாங்குவதுபோல் அடியில் கையைக் கொடுத்துவிட்டார்.

கழுத்துப் பிடி விட்டது. டக்... டக்... சத்தம் அவரைத் தாண்டி ஊருக்குள் போனது. மேனேஜர் குடியிருந்த தெருப் பக்கம்.

விடிந்து பார்த்தால் வேலியில் வெறும் தகரம். மேனேஜரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. வண்டிகள் வந்த வழியே போய்விட்டன. குன்று இன்றும் அப்படியே நிற்கிறது.

பெயிண்டர்? வீட்டுக்கு வந்தவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கையை மடித்தபடியே நின்றாராம். உட்காரவில்லை, படுக்கவில்லை. விடியும்வரை பொறுத்துப் பார்த்த மனைவி அழுதேவிட்டாள்.

"எதைத் தூக்கிட்டு நிக்கறீங்க? எதுவா இருந்தாலும் கீழ எறக்கி விடுங்களேன்."

அவர் இடுப்புப் பக்கம் குனிந்து பார்த்தார்.

"எப்படி எறக்கி விடறது..." என்றார் மெதுவாக. "இதுக்குத்தான் நான் கால் போடலையே."