பதினொரு கூடாரங்களுக்கு அடுப்பு வைத்தோம்

"படு! செல்வா, படுடா!"

அடைக்கலம் அண்ணன் கத்துகிறார். விழுகிறேன். முகம் பனிக்குள். வாயில் பனி. தலைக்கு மேலே ட்ரோன். பழைய மொபெட் மேடு ஏறும்போது ஒரு சத்தம் வருமே, அதே சத்தம். போகவில்லை. வட்டமடிக்கிறது. பிறகு தூரத்தில் ஒரு "டப்". அது குண்டு கிளம்பும் சத்தம். எண்ணுகிறேன். ஏழு. எட்டு. ஒன்பதில் மண் எழுந்தது.

மணி மூன்று பத்து. பகல். கைக்கடிகாரம் கண்ணுக்கு நேரே கிடந்தது, அதனால் சொல்கிறேன். ஊரில் பொங்கல் முடிந்து பன்னிரண்டாம் நாள். நாங்கள் அந்தக் காட்டுக்கு வந்து நாற்பத்தோராம் நாள்.

முதல் குண்டு எங்களைத் தாண்டி விழுந்தது. மரம் ஒன்று பாதியில் முறிந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூடார வரிசையின் கடைசியில், பதினோராவது கூடாரத்தின் குழாயிலிருந்து புகை. வெள்ளைப் புகை. தூண் மாதிரி நேராக வானத்துக்கு.

அந்தக் குழாயை வைத்தவன் நான்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் பெயர் செல்வராசு. அறந்தாங்கிக்குக் கிழக்கே எங்கள் ஊர். வெல்டர். வளைகுடாவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். லீவில் வந்திருந்தபோது ஒரு ஏஜென்ட் வந்தார். குளிர் நாடு, கிடங்கில் ஹெல்பர் வேலை, ஒரு வருடத்தில் குடியுரிமை என்றார். அடைக்கலம் அண்ணனை விமான நிலையத்தில்தான் முதலில் பார்த்தேன். ஆவுடையார்கோவில் பக்கம். டெய்லர். நாற்பத்தொரு வயது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். "நம்ம பக்கமாப்பா?" என்றார். அன்றிலிருந்து அண்ணன்.

ஒன்பது பேர் ஒரே வேனில் ஏறினோம். ஒரு கட்டடத்தில் காகிதம் நீட்டினார்கள். அந்த எழுத்து எங்களுக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டோம். போனை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பச்சை உடுப்பு கொடுத்தார்கள். அப்போதுதான் புரிந்தது.

எந்த ஊர், எந்தக் காடு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. தெரியாததை நான் எழுதப் போவதில்லை.

எங்கள் வேலை பள்ளம் தோண்டுவது, பெட்டி சுமப்பது. முன்வரிசை ஆறு கிலோமீட்டர் தள்ளி. ஆள் குறையும்போது பின்னால் இருப்பவர்களை அங்கே கொண்டுபோவார்கள். லாரி வரும். பெயர் வாசிப்பார்கள். எங்கள் ஒன்பது பேரில் மூன்று பேர் முதல் வாரமே போனார்கள். திரும்பவில்லை.

தங்க இடம், கூடாரம். நைலான். குடைத்துணி அளவுக்குக் கனம். கோடையில் மலையேறப் போகிறவர்கள் முதுகில் சுருட்டிக் கொண்டுபோகும் ரகம். நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. அதில் மூன்று பேர். நான், அண்ணன், தில். தில் நேபாளத்துக்காரர். மலை ஊர். குளிர் பழகியவர்தான். அவருக்கே கால்விரல்கள் கறுத்தன.

குளிரை எப்படிச் சொல்வது. நம் ஊரில் அதற்குச் சொல் இல்லை. பாட்டில் தண்ணீர் காலையில் கல். மூச்சு விட்டால் கூடாரத்தின் உள்பக்கம் பனியாகப் படிகிறது. விடியும்போது அது உதிர்ந்து முகத்தில் விழுகிறது. மூக்குத் துவாரம் ஒட்டிக்கொள்கிறது. எட்டாம் நாள் பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் எழுந்திருக்கவில்லை. காயம் இல்லை. குளிர்தான்.

பத்தாம் நாள் நான்காவது கூடாரத்தில் இரண்டு பேர் ஒரு தகர டின்னில் நெருப்பு போட்டு உள்ளே வைத்துக்கொண்டார்கள். நான் வெளியே நின்றேன். "புஸ்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நைலான் பருத்தி மாதிரி எரிந்து சாம்பலாகாது. உருகி, சொட்டி, உடம்பில் ஒட்டும். ஓடிப் போவதற்குள் முடிந்தது. இரண்டு பேர்.

அதற்குப் பிறகு கூடாரத்துக்குள் நெருப்பு கூடாது என்று உத்தரவு.

மறுநாள் அடைக்கலம் அண்ணன் எரிந்த துணியின் மிச்சத்தை விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பு தப்பு இல்ல தம்பி. கொழாய் துணியில படாம வெளிய போவணும். அம்புட்டுத்தான். சட்டையில பட்டன் ஓட்ட போடுறமே, அது மாதிரி. ஓட்டயச் சுத்தி வேற துணி போடணும். எரியாத துணி. ஒனக்கு எதுவும் தெரியுமா?"

தெரியும். வெல்டிங் அடிக்கும்போது பொறி தெறிக்காமல் பொருள்களை மூடுவோம். கண்ணாடி நூலில் நெய்த துணி. ஃபயர் பிளாங்கெட் என்போம். வண்டிகள் பழுது பார்க்கும் இடத்தில் ஒன்று கிடந்தது. ஓரம் கிழிந்தது. பெட்டி சுமக்கப் போனபோது சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் உடம்பெல்லாம் அரிப்பு.

அடுப்புக்குக் காலியான தோட்டாப் பெட்டி. இரும்பு. பக்கத்தில் காற்றுக்கு மூன்று துளை. மேலே குழாய்க்கு ஒரு துளை. வெல்டிங் மெஷின் எங்கே இருக்கிறது? உளியும் கல்லும்தான். குழாய்க்கு உணவு டின்கள். அடிப்பாகத்தை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகினேன். துணியைத் தாண்டும் இடத்தில் மட்டும் இரட்டைக் குழாய். சின்னதைச் சுற்றிப் பெரியது, நடுவே ஒரு விரல் இடைவெளி. உச்சியில் கம்பிவலை. பொறி பறந்து கூரையில் விழக்கூடாது. அடுப்புக்கு அடியில் செங்கல் நான்கு, இடிந்த வீட்டிலிருந்து.

அண்ணன் கூரையில் ஓட்டை போடவில்லை. உச்சியில் போட்டால் பனி உருகி உள்ளே ஒழுகும் என்றார். சாய்வில், தோள் உயரத்தில் வெட்டினார். குழாயைவிட ஒரு சாண் அகலமாக. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டு வட்டம் கண்ணாடித் துணி. நடுவில் நைலான். சாதாரண நூல் சூட்டில் அறுந்துபோகும். டெலிபோன் கேபிளைப் பிரித்து உள்ளேயிருந்த மெல்லிய செம்புக் கம்பியை எடுத்தார். அதுதான் நூல். கையுறை போட்டால் ஊசி பிடிபடாது. வெறும் கை. பத்துத் தையலுக்கு ஒரு முறை கையை அக்குளில் செருகிக்கொள்வார். ரத்தம் வந்தது அவருக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன்.

கடைசியாக எதிர்ப்பக்கம், தரையோடு ஒரு திறப்பு. கை நுழையும் அளவு. நான் பிடிவாதமாக வைக்கச் சொன்னேன். மூடிய இடத்தில் நெருப்பு எரிந்தால் சேரும் நச்சுக்காற்று தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் செய்தவனுக்குத் தெரியும். "குளுர உள்ள விடுறதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று அண்ணன் சிரித்தார். ஆனாலும் வைத்தார். மூன்று பேரில் ஒருவர் எப்போதும் விழித்திருப்பது என்று பேசிக்கொண்டோம்.

பதினாறாம் நாள் பற்றவைத்தோம். மூவரும் கூடாரத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குழாய் சிவந்தது. கண்ணாடித் துணி சூடானது. அதற்கு அப்பால் நைலானில் விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது. தில் அழுதார். காலில் உணர்ச்சி திரும்பினால் வலி அப்படி இருக்குமாம்.

மறைக்க முடியவில்லை. சார்ஜென்ட் வந்தார். அடுப்பை உதைக்கப் போகிறார் என்று நினைத்தோம். உள்ளே வந்து உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது வரிசையைக் காட்டி ஏதோ சொன்னார். தில்லுக்கு அந்த மொழி கொஞ்சம் புரியும். எல்லாக் கூடாரத்துக்கும் செய்யச் சொல்கிறார் என்றார். முடிகிறவரை எங்கள் மூவரையும் லாரியில் ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னாராம்.

முடிகிறவரை.

அன்று இரவு அண்ணன் மெதுவாகச் சொன்னார். "தம்பி, இனி அவசரமே இல்ல. மெதுவாத் தைப்போம்."

அப்படித்தான் தைத்தோம். ஒரு கூடாரத்துக்கு இரண்டு நாள். பிறகு இரண்டரை. தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். டின் சரியில்லை என்று வேறு டின் எடுக்க நான் மூன்று முறை போனேன். லாரி இரண்டு தடவை வந்தது. பெயர் வாசித்தார்கள். எங்கள் பெயர் இல்லை. ஏறியவர்களின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. ஒரு கூடாரம் குளிரில் கிடக்க, நாங்கள் தையலை நீட்டினோம். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

புகைக்கு விதி வைத்தோம். பகலில் நெருப்பு மூடுபனி இருந்தால் மட்டும். காய்ந்த விறகு, பட்டை உரித்தது. ஈரப் பைன் மரம் கூடவே கூடாது, வெள்ளைப் புகை எழும்பும். பத்துக் கூடாரத்துக்கும் தில் சொல்லிப் புரியவைத்தார். பதினோராவது கூடாரத்தில் வேலை முடிந்தது நாற்பதாம் நாள். அன்றைக்கே புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். வேறு மொழி. தில்லுக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டோம்.

நாற்பத்தோராம் நாள். மூன்று பத்து.

"அணைங்கடா! பொகைய அணைங்கடா!"

அண்ணன் தமிழில் கத்துகிறார். அவர்களுக்கு என்ன புரியும். குளிரில் வந்தவர்கள். சூடு கிடைத்திருக்கிறது. மறுபடி "டப்". எண்ணுகிறேன். ஒன்பது.

இரண்டாவது குண்டு வரிசைக்கு நடுவே. எங்கள் கூடாரம் சாய்ந்தது. அடுப்பு கவிழ்ந்திருக்க வேண்டும். காலையில் மூடுபனியில் போட்ட நெருப்பின் கங்கு உள்ளே இருந்தது. வாசல் பக்கம் நைலான் உருகத் தொடங்கியது. உள்ளே தில்.

நான் எழுந்திருக்கவில்லை. எழ முடியவில்லை என்று எழுதலாம். எழுந்திருக்கவில்லை என்பதுதான் சரி. அண்ணன் ஓடினார். வாசலுக்குப் போகவில்லை. பின்பக்கம். கத்தரிக்கோலைச் செருகி மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. தில்லின் காலரைப் பிடித்து இழுத்தார்.

"செல்வா! வாடா இங்கிட்டு! காலத் தூக்கு!"

அப்போது எழுந்தேன். ஓடினேன். தில்லின் காலைத் தூக்கினேன். பள்ளம் இருபது அடி தள்ளி. "இழு! இழு!" பாதி தூரம். மூன்றாவது குண்டு கிளம்பிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. விழுந்த சத்தமும் கேட்கவில்லை. வெளிச்சம் மட்டும்.

பள்ளத்தில் கிடக்கிறேன். இடது காதில் ஒரே விசில். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. தில் என்மேல் கிடக்கிறார். உயிர் இருக்கிறது. அண்ணன் பள்ளத்தின் விளிம்பில். தவழ்ந்து போனேன். முதுகு முழுக்க ஈரம். திருப்பினேன். கண் என்னைப் பார்த்தது.

"குளுருதுடா தம்பி."

கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்து இரண்டு குண்டுகள். எண்ணவில்லை. மூன்று நாற்பதுக்கு அவர் கை தளர்ந்தது.

எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவரைக் கொண்டுவரவில்லை. கேட்டேன். கையால் சைகை காட்டிக் கேட்டேன். பிறகு என்றார்கள். அந்தப் பிறகு வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, என் மனைவி போட்ட மனுக்களும் தூதரகக் கடிதமும் சேர்ந்து என்னை ஊருக்குக் கொண்டுவந்தன.

வந்த மூன்றாம் நாள் ஆவுடையார்கோவிலுக்கு பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டைக் கேட்டுப் போனேன். அவர் மனைவி சரசு வாசலில் நின்றார். எனக்கு அண்ணி முறைதான். முன்பின் பார்த்ததில்லை. யார் என்று கேட்கவில்லை. விரல் போன என் கையைப் பார்த்தார்.

"உள்ள வாங்க."

நடந்ததைச் சொன்னேன். அடுப்பு, புகை, நான் எழுந்திருக்காத அந்த நேரம். எதையும் விடவில்லை. என் அடுப்பு இல்லையென்றால் ட்ரோன் எங்களைப் பார்த்திருக்காது என்றேன். கடைசியில் அவர் ஒன்று கேட்டார்.

"சாவும்போது என்ன சொன்னாருங்க?"

வேறு ஏதாவது சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்தேன். பிள்ளைகள் பெயரைச் சொன்னார் என்று. வாய் வரவில்லை.

"குளுருதுன்னாருங்க அண்ணி."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என் கோட்டப் போத்துனேன்."

அவர் தலையாட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "சாப்பிட்டுத்தான் போவணும்" என்று எழுந்து உள்ளே போனார். அங்கிருந்துதான் அழுகைச் சத்தம் வந்தது.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒரே வேனில் போனவர்கள் ஒன்பது பேர். திரும்பியவர்கள் நான்கு பேர். முதல் வாரம் லாரியில் போன மூவரைப் பற்றி இன்றுவரை செய்தி இல்லை. இறந்ததாக உறுதியானவர்கள் இருவர், அதில் ஒருவர் அண்ணன். காட்டில் குளிரில் போனவர் ஒருவர், நான்காவது கூடாரத்தில் எரிந்தவர்கள் இருவர். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. கூடாரங்கள் பதினொன்று. அந்த மாலை நின்றவை நான்கு. பதினோராவது கூடாரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் வெளியே வரவில்லை. தில்லுக்கு வலது கால் பாதம். எனக்கு இரண்டு விரல், ஒரு காது.

அண்ணன் உடல் வரவில்லை. உடல் இல்லாததால் அங்கிருந்து காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் இங்கே இறப்புச் சான்றிதழ் இல்லை. சரசு அண்ணி வீட்டு ரேஷன் கார்டில் இன்னும் நான்கு பேர். வீட்டில் மூன்று பேர்.