கண் வரைந்த படம்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் சட்டம் போட்ட போட்டோ ஒன்று இருந்தது.

"கண்ணு மட்டும் எம் மவளுது இல்லக்கா."

"பின்ன?"

"உசுரோட இருக்கையில ஒரு படம்கூட புடிக்கல. உசுரு போனப்புறம்தான் நாக்காலியில உக்கார வச்சுப் புடிச்சோம். மூடுன கண்ணை ஸ்டூடியோக்காரரு தொறந்த மாதிரி வரைஞ்சிட்டாரு."

"மாத்தித் தரச் சொல்லேன்."

"அதுக்குத்தான் போயிட்டு வரேன். எப்படி இருக்கும், சொல்லும்மா, மாத்திடறேன்னாரு."

"சொன்னியா?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"பெருசா இருக்கும்னேன். அதுக்கு மேல சொல்லத் தெரியலக்கா. தெனம் இந்தக் கண்ணையே பாத்துப் பாத்து, அவ கண்ணு எனக்கு மறந்துபோச்சு."