'கற்பனையே' என்று போடாத படம்

தமிழ்நாட்டில் குற்றப் படங்களை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, மேடம். மயிலாப்பூரில் நல்ல பல் டாக்டர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்வோமே, அந்த மாதிரி ஒரு தகவலாகச் சொல்கிறேன். மற்றவர்கள் பாப்கார்ன் தின்றுகொண்டே பார்க்கிறார்கள். நான் பார்க்கிறேன்.

காபி நன்றாக இருக்கிறது. உங்கள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். இருக்கட்டும். இந்த அறையில் வெளிச்சம் கொஞ்சம் வெள்ளை. குற்றத்தைப் பற்றிப் பேச மஞ்சள் வெளிச்சம்தான் பொருத்தம் என்று நம் ஒளிப்பதிவாளர்கள் நினைக்கிறார்கள். அடையாறில் வக்கீல் அலுவலகம் என்றால் ட்யூப்லைட்தான். யதார்த்தத்தை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

நீங்கள் புகழேந்தியின் வக்கீல். நான் சங்கரன், அவனோடு ஒரே வகுப்பில் படிப்பவன், அந்த வீடியோவை எடுத்தவன். உங்களுக்கு வேண்டியது வெட்டாத முழு வீடியோ இருக்கும் மெமரி கார்டு. அது கிடைத்தால் அவன் நடித்தான் என்று காட்டி, நாளைக்கே சைதாப்பேட்டை கோர்ட்டில் ஜாமீன் வாங்கிவிடுவீர்கள். கிடைக்காவிட்டால் அவன் உள்ளேதான். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் நான் கெட்டவன் மாதிரி தெரிவேன்.

அதனால் என் கொள்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இணையத்தில் 'கறை' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். ரத்தமும் சகதியுமாக வரும் படங்களுக்கு மட்டும் அதில் விமர்சனம் செய்வேன். நம் ஆட்கள் எடுக்கும் குற்றப் படங்கள் முழுக்கப் பொய். வயிற்றில் குத்து வாங்கியவன் கால் மணி நேரம் நட்பைப் பற்றிப் பேசுகிறான். ரவுடிகள் எல்லோரும் மழையில் நிற்கிறார்கள். சென்னையில் மழை வந்தால் பால் வாங்கப் போனவன்கூடப் பாதியில் திரும்பிவிடுகிறான். கொலை செய்தவன் கத்தியைப் பத்திரமாகப் பாலத்துக்கு எடுத்துப்போய், நடுவில் நின்று, முடி பறக்க ஆற்றில் வீசுகிறான். பின்னால் ஒரு வயலின் அழுகிறது. பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினால் மாநகரப் பேருந்து டிரைவர் நம் தாயாரைப் பற்றி என்ன சொல்வார் என்று ஓர் இயக்குநருக்கும் தெரியாது. அத்தனை படத்திலும் போலீஸ்காரருக்கு மனசாட்சி இருக்கிறது, அதுவும் இடைவேளைக்குப் பிறகு மட்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பொய், படம் ஆரம்பிக்கும்போது வரும் அந்தப் பலகை. வருகிற பாத்திரங்களும் சம்பவங்களும் யாவும் கற்பனையே. இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு, சாப்பிடும் முன் காதோரம் வந்து "இது மெழுகு சார்" என்று சொல்வதற்குச் சமம். அந்தப் பலகை இருக்கும்வரை தமிழில் ஒரு நல்ல குற்றப் படம் வராது. இதை இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் மேடை ஏறியே சொன்னேன்.

அன்றைக்குத்தான் புகழேந்தி எழுந்தான். அவன் குடும்பம் சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தது. வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மா தேவானை இன்னும் பஸ் பிடித்து வந்து சைதாப்பேட்டை மார்க்கெட்டில்தான் மீன் விற்கிறார். இவன் கடைசி பெஞ்ச். அதுவரை அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"மச்சி, ஒரு டவுட்டு. இவ்ளோ சொல்றியே, நீ மந்தவெளி தாண்டி எங்கனா போய்க்கீறியா?"

மந்தவெளி எங்கள் வீட்டுக்கு அடுத்த பேட்டை. மன்றம் முழுக்கச் சிரித்தது. பேராசிரியர்கூட இருமுவது போல் சிரித்தார். நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு இல்லாதவனில்லை நான். கூட்டம் கலைந்ததும் அவனிடம் போய், "நீ என் படத்துல நடிக்கணும்" என்றேன். அவன் அசந்துபோனான். அவனுக்குள் ஒரு நடிகன் இருந்தான் என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான். இதை எங்கேயும் யாரும் குறிப்பிடுவதில்லை.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எடுத்தோம். அவனும் நானும் மட்டும். காமிரா இரவல். அந்த வாரம் கோபாலபுரத்தில் ஒரு வயதான அம்மாவிடம் செயின் பறித்த செய்தி வந்திருந்தது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். செய்தித்தாளை அவன் கையில் கொடுத்து, "இதைச் செஞ்சது நீதான். போலீஸ்கிட்ட ஒத்துக்கற. பேசு" என்றேன். தாளில் ஒரு புகைப்படம், வெறும் தெரு, நடுவில் ஒற்றைச் செருப்பு. அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அந்தம்மா கோயிலுக்குப் போய்க்கினு இருந்துச்சு சார். நான் பின்னாலயே போறேன். கைய வச்சு இஸ்தேன். அது கத்தல சார். திருடன்னு சொல்லல. கீய வியுந்துட்டு, 'ஐயோ என் செருப்பு'ன்னுச்சு. செயின உட்டுட்டு செருப்பத் தேடுது சார். அதான் சார் கண்ணுலயே நிக்குது."

அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட இருக்காது. நான் நிறுத்தச் சொன்னதும் அவன் சட்டென்று பழைய புகழேந்தியாகிவிட்டான். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சி, ஓகேவா? டேய், கற்பனைன்னு பெருசாப் போட்ரு இன்னா? எங்கம்மா பாத்துச்சுன்னா மீன்கூடையப் போட்டுட்டு ஒப்பாரி வச்சிடும்."

"போட்டுடறேன்டா" என்றேன்.

போடவில்லை. அதற்கு மேல், அவன் சுவரில் சாய்வதற்கு முன்னால் இருந்ததையும் பேசி முடித்த பின்னால் இருந்ததையும் வெட்டினேன். பெயர் இல்லை, இசை இல்லை, நடிகர் பட்டியல் இல்லை. ஒரு பையன், ஒரு சுவர், ஒரு வாக்குமூலம். 'கறை' பக்கத்தில் ஏற்றிவிட்டு மாம்பலத்துக்குச் சட்டை எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அது என் கையை விட்டுப் போய்விட்டது. குடும்ப வாட்ஸப் குழுவில் எனக்கே வந்தது, 'இவனைத் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லவும்' என்ற குறிப்போடு. என் அம்மாவே அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏன்டா, இது நம்மாத்துக்கு வந்து மோர் குடிச்சுட்டுப் போனானே, அந்தப் பிள்ளைன்னா? பார்த்தா சாதுவா இருந்தானேடா."

மேடம், அம்மா அவனுக்குத் தன் கையால் மோர் கொடுத்தவள். அவளே நம்பினாள். என் கொள்கை ஜெயித்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து அழைத்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது உங்களுக்கே தெரியும். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"தம்பி, 'கறை' நடத்தறது நீங்கதானா? அந்த வீடியோ இன்னா, படமா, நெசமா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். படம் சார் என்று இரண்டே வார்த்தை, ஏன் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு படைப்பாளியிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. நான் உண்மையைத்தான் சொன்னேன்.

"அதைப் பார்க்கிறவங்கதான் சார் முடிவு பண்ணணும்."

"அப்போ நெசம்ன்றீங்க."

"நான் அப்படிச் சொல்லலை சார். இல்லைன்னும் சொல்லலை."

"சரி, அந்தப் பையன் எங்க இருப்பான்?"

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் நிற்பான் என்றேன். அதில் எந்தக் கொள்கையும் இல்லை, கேட்டார்கள், தெரிந்திருந்தது.

அவன் நடித்தேன் சார், நடித்தேன் சார் என்று சொல்லியிருக்கிறான். எல்லோரும் அதைத்தான்டா சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். செருப்பு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். பேப்பரில் பார்த்தேன் என்றிருக்கிறான். நீ பேப்பர் படிக்கிறவனா என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் அவன் புகைப்படமே பேப்பரில் வந்தது. வலது கையில் மாவுக்கட்டு. தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்ததாகப் போட்டிருந்தார்கள். நம் ஊர்க் குற்றப் படங்களில் உண்மையாக வரும் ஒரே காட்சி அதுதான் என்று 'கறை'யில் எழுத நினைத்தேன். எழுதவில்லை. எனக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

தேவானை அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மா அவரை கேட்டுக்கு உள்ளே விடவில்லை. வாசலிலேயே நின்று பேசினார்.

"கண்ணு, நீதான் எட்த்தியாமே. படம்னு ஒரு வார்த்த சொல்லிடு நைனா. இல்லாங்காட்டி அந்த முயு வீடியோவ குட்த்துடு. என் புள்ளைக்கு அது எயுதற கை கண்ணு. அத்தப் போய் ஒட்ச்சிட்டாங்க."

'எழுதுகிற கை.' நான் எழுதியிருந்தால்கூட இப்படி ஒரு வரி வந்திருக்காது. அவர் போனதும் போனில் குறித்துக்கொண்டேன்.

"பார்க்கறேன் ஆன்ட்டி" என்றுதான் அவரிடம் சொன்னேன். அது பொய்யில்லை. அன்று மாலை கார்டை எடுத்து முழுக்கப் பார்த்தேன்.

மந்தவெளி விஷயத்துக்குப் பழிவாங்கினேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. அவ்வளவு சின்ன ஆள் இல்லை நான். அது கோர்ட்டில் நிற்காது என்பது உங்களுக்கும் தெரியும். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எதைப் பாராட்டுகிறார்கள் என்று பாருங்கள். காமிராவை இல்லை. வெட்டியதை இல்லை. வசனத்தை. தியாகராய நகரில் ஒரு தயாரிப்பாளர் அலுவலகத்திலிருந்து ஜவஹர் என்று ஒருவர் அழைத்தார். சார் ரொம்ப அசந்துட்டாரு தம்பி, அந்தச் செருப்பு டயலாக் யாரு எழுதினது, நீங்கதானே என்றார். ஆமாம் என்றேன். ஒரு முழுப் படத்துக்குக் கதை கேட்டிருக்கிறார்கள்.

இனி கார்டில் முதலில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். அன்று அவனிடம் செய்தித்தாளைக் கொடுப்பதற்கு முன் நான் எழுதிய வசனத்தைக் கொடுத்தேன். இரண்டு பக்கம். மூன்று இரவு உட்கார்ந்து எழுதியது. 'தங்கத்தின் மஞ்சள் என் பசியின் இருட்டில் ஒரு விடியலாகத் தெரிந்தது' என்று ஆரம்பிக்கும். அவன் அந்த ஒரு வரியைப் படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொண்டு, கீழே உட்கார்ந்து சிரித்தான்.

"மச்சி, இத்த எவன்டா பேசுவான்? செயின அறுக்கறவன் நின்னு இதச் சொல்லிக்கினு இருந்தா, அந்தம்மாவே பாவம்னு கயட்டிக் குட்த்துட்டுப் போய்டும்."

காமிரா ஓடிக்கொண்டிருந்தது. ஒலி சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகுதான், என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சரி வுடு மச்சி, பேப்பர் எதுனா கீதா, நானே எதுனா பேசறேன்" என்றான்.

நீதிபதி பார்ப்பார். அரசு வக்கீல் பார்ப்பார். நிருபர்கள் பார்ப்பார்கள். முதலிலிருந்துதான் ஓட்டுவார்கள், அப்படி ஓட்டினால்தான் அது சாட்சி. சைதாப்பேட்டை கோர்ட் மொத்தமும் மன்றம் மாதிரி சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கும் என் முடிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, மேடம். எடிட்டிங் முடிந்த படத்துக்கு வெட்டாத மூலக் காட்சிகள் தேவையில்லை. அது தொழில்முறை. அவன் கை ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பதிவு இருக்கிறதே என்று போனைத் தொடுகிறீர்கள். நன்றாகக் கொண்டுபோங்கள். இது என்ன என்று நாளை கேட்டால், நடித்தேன் சார் என்பேன். புதுப் படத்துக்கு ஒத்திகை, வக்கீல் மேடம் உதவி செய்தார்கள். புகழேந்தி சொன்ன அதே வார்த்தை. அவனுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். எனக்கு நாற்காலி போட்டு, தம்பி தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அதில் என் தப்பு எதுவும் இல்லை. நான் வெறும் விமர்சகன்.

கார்டு எங்கே என்று இன்னும் கேட்கிறீர்கள்.

இன்று காலை உங்களைப் பார்க்க வரும் வழியில் அடையாறு பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். நடுவில்தான். ஏன் நடுவில் என்று தெரியவில்லை. ஓரத்திலும் தண்ணீர் இருந்தது. கார்டு சட்டைப் பையில் இருந்தது. கையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய் வீசினேன். நகத்தளவுப் பொருள், விரலால் சுண்டினாலே போதும். கடல் பக்கமிருந்து காற்று வந்து முடியைக் கலைத்தது. பின்னால் ஒரு பேருந்து டிரைவர் தலையை நீட்டி என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

அது தண்ணீரில் விழுந்ததா என்று நான் பார்க்கவில்லை, மேடம். முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வைத்திருந்தேன். வெளிச்சம் அங்கிருந்துதான் வந்தது.